கட்டிலடிக் கண்ணாடி

கர்க்கடகம் என்கிற மலையாளத்து ஆடி பிறந்ததும் கரமனையில் வானம் தாழ்ந்து வந்து ஓட்டு முகடுகளின் மேல் அமர்ந்துகொள்ளும். விடியலுக்கும் அந்திக்கும் ஒரே நிறம். ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறம் போல ஒளி மங்கிக் கிடக்கும். ஆறு முதல் வாரத்தில் சந்தனக் குழம்பாகவும் இரண்டாம் வாரத்தில் காவியாகவும் ஓடி, மூன்றாம் வாரத்தில் படித்துறையின் மேற்படியையும் விழுங்கிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டவர் போலச் சத்தமின்றிப் பெருகும். அக்ரகாரத்தின் இரண்டு வரிசை வீடுகளுக்கும் நடுவே மழை ஓயாமல் நெசவுக்குப் பாவு இழுத்துக்கொண்டிருக்கும். தெருக்கோடி வீட்டு இராமாயண பாராயணம் ஏற்ற இறக்கமின்றி, ஈரத்தில் ஊறி, எல்லா வீடுகளுக்குள்ளும் வந்து போகும். இந்த மாதத்தில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, வண்டி கைமாறுவதும் இல்லை. வெளிக் காரியங்களை ஒதுக்கிவிட்டு, மனிதன் தன் உள்ளறையைத் தானே பெருக்கிப் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் விட்டுவைத்த மாதம் போலும். பெருக்கிப் பார்க்க அஞ்சுகிறவனுக்கு இதைவிட நீண்ட மாதம் வேறில்லை.

தாணுமாலையன் அப்படி அஞ்சிக்கொண்டிருந்தார். இரண்டு கர்க்கடகங்களாக.

அறுபத்திரண்டு வயது. அரசாங்க ஆவணக் காப்பறையில் முப்பது வருஷம் தூசியோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். காலையில் நீராடித் திருநீறு பூசிப் பதிகம் ஒன்றைப் பாடி முடித்ததும், அதே ஈர வேட்டியோடு வாசல் கொட்டகைக்குச் சென்று தார்ப்பாயை விலக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். உள்ளே வெள்ளை நிற பியூஜோ 309. பிரெஞ்சுக்காரர்கள் குடும்பத்துக்கென்று வகுத்த கார். இந்த நாட்டில் சில ஆண்டுகளே விற்பனையாகி நின்றுபோனது. பின்புறக் கண்ணாடி சரிந்து இறங்கும் அழகும், பள்ளத்தில் இறங்கும்போது தாய் மடியில் பிள்ளையை மாற்றிப் படுக்க வைப்பது போன்ற அதன் மென்மையும், முகப்பில் நிமிர்ந்து நிற்கும் சிறிய சிங்கமும் அவருக்கு மனப்பாடம். மனைவி விஜயம் சொல்வாள்: “சுவாமிக்கு ஒரு நமஸ்காரம், சிங்கத்துக்கு ரெண்டு.”

அந்த வண்டியால்தான் அவருக்கு ஞானையன் கிடைத்தார். பதின்மூன்று வருஷங்களுக்கு முன் பழவங்காடிச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது, பக்கத்தில் கருநீல நிறத்தில் இன்னொரு 309 வந்து நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தக் காரிலிருந்து ஒரு நெட்டை மனிதர் நடுத்தெருவில் இறங்கி வந்து, தாணுமாலையனின் வண்டி பானெட்டின் மேல் வலது உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். விளக்குப் பச்சையாகி, பின்னால் ஹாரன்கள் அலறி, போலீஸ்காரர் ஓடி வந்து வைத பிறகுதான் கையை எடுத்தார்.

“என்ன சாரே செய்யறேள்?” என்று தாணுமாலையன் கேட்டார்.

“ஜெபமாக்கும். அது ஓடணும் இல்லியா?” என்றார் அவர்.

பாறசாலைப் பள்ளியொன்றில் கணக்கு வாத்தியார், சி.எஸ்.ஐ. சபைக்காரர். அன்றைக்கே இருவரும் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் வண்டிகளை ஒதுக்கினார்கள். தாணுமாலையன் இரண்டு தேங்காய் வாங்கி, இரண்டு வண்டிகளுக்குமாக உடைத்தார். ஞானையன் வெளியே நின்று செருப்புகளையும் வண்டிகளையும் பார்த்துக்கொண்டார். அதுமுதல் ஒவ்வொரு சிங்ஙம் ஒன்றாம் தேதியும், ஆவணி பிறக்கும் நாளில், அங்கே சந்திப்பு. தேங்காய் வண்டிக்கு ஒன்றாக இரண்டு; வேண்டுதல் மட்டும் ஒருவர் வண்டிக்கு மற்றவர் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட முறை. தன் வண்டிக்குத் தானே வேண்டிக்கொள்வது பேராசையில் சேரும் என்பது ஞானையனின் கட்சி.

இன்னொரு முறையும் வைத்திருந்தார்கள். உறுப்புகள் கிடைப்பது அரிதிலும் அரிது; எந்த ஊர்க் காயலான் கடையில் எது கிடைத்தாலும், யார் கண்டெடுத்தாலும், படுத்துக் கிடக்கிற வண்டிக்கே அது முதலில். ஓடுகிற வண்டி காத்திருக்க வேண்டும். இருவருக்கும் மெக்கானிக்கான ஷாஜி இதைக் கேட்டுச் சிரிப்பான்: “ஆஸ்பத்திரி சட்டம் மாதிரி இருக்கே சாரே! ஐ.சி.யு.வுக்கு முதல்ல, ஓ.பி.க்குப் பின்னே.”

இரண்டு வருஷங்களுக்கு முன், ஒரு பெருங்காற்றில், பாறசாலையில் ஒரு தேங்காய்க் குலை முறிந்து ஞானையன் வண்டியின் முன்கண்ணாடி மேல் விழுந்தது. கண்ணாடி பொடியாயிற்று. மகள் ஆர்ஷாவின் கல்யாணம் ஆவணிக்குப் பிறகு. அவளைத் தன் வண்டியிலேயே சபைக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது மனிதருக்கு ஆசை. ஊர் ஊராக விசாரித்ததில் மதுரையில் ஒரு காயலான் கடையில் பழுதில்லாத கண்ணாடி ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. ஞானையனுக்கு முழங்கால் வீக்கம். “நான் போயிட்டு வரேன் சாரே, என் வண்டியிலேயே” என்று தாணுமாலையன் புறப்பட்டார்.

பின்னிருக்கையை மடக்கி, இரண்டு கம்பளிகளுக்கும் ஒரு பழைய மெத்தைக்கும் நடுவே கண்ணாடியைக் கிடத்திக்கொண்டு, நிறைமாதக்காரியை அழைத்து வருகிறவர் போல வந்தார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று. முன்னே போன லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்தது. டப் என்று ஒரு சத்தம். அவருடைய முன்கண்ணாடியில், கண்ணுக்கு நேராக, கடுகளவு ஒரு குழி. அதிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நாகர்கோவில் கடந்தார், மார்த்தாண்டம் கடந்தார். கோடு நீளப்போகிறது என்று மனம் சொல்லிற்று. நீளாமல் இருக்குமா? இந்த நாட்டில் இன்னொரு கண்ணாடி இருக்கிறதா? இருந்த ஒன்று முதுகுக்குப் பின்னால் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பாறசாலை வந்தது. ஞானையன் வீட்டுக்குத் திரும்பும் சந்து, அதன் முனையில் தபால்பெட்டி, எல்லாம் வந்தன. வண்டி நிற்கவில்லை. கால் பிரேக்கைத் தேடவில்லை என்பதை அவர் ஒரு சாட்சியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து தொலைபேசியில் சொன்னார்: “வழியிலேயே உடைஞ்சு போச்சு சாரே.”

பிறகு ஞானையன் கேட்டார்: “கையில எங்கயும் கிழிச்சுதா சாமி?”

“இல்லை.”

“அது போதும். கண்ணாடிதானே. நீரு பத்திரமா வந்தீரு இல்லியா?”

உடம்பில் எங்கும் கீறல் இல்லாத ஒரு மனிதரை அந்தக் கேள்வி இரண்டு வருஷமாக அறுத்துக்கொண்டிருந்தது. ஆர்ஷாவின் கல்யாணத்துக்குத் தன் வண்டியைக் கொண்டு வருவதாகத் தாணுமாலையன் சொன்னபோது ஞானையன் மறுத்துவிட்டார். “உம்ம கண்ணாடியில கோடு இருக்குண்ணு சொன்னீரே? இந்த மழையில அதை எடுக்காதேயும். ஒண்ணாவது ஓடட்டு.” மகள் வாடகைக் காரில் போனாள். இதில் கொடுமை என்னவென்றால், ஷாஜி ஏதோ பசையை அந்தக் குழியில் நிரப்பிய பிறகு, கோடு ஓர் அங்குலம்கூட நீளவில்லை. திருடிய மருந்துக்கு நோயே வரவில்லை. கண்ணாடி கூடத்துக் கட்டிலடியில், கம்பளிக்குள், அப்படியே கிடந்தது.

இந்தக் கர்க்கடகத்தின் நடுவில் ஒரு நாள், ஞானையனின் மனைவி ராகேல் நனைந்த குடையோடு வந்து நின்றாள். ஞானையனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு தடுக்கித் தடுக்கி வந்தது. மருத்துவக் கல்லூரிக்கு மாத்திரை வாங்க வந்தவள், பஸ்ஸை விட்டுக் கரமனையில் இறங்கியிருந்தாள்.

“வாங்கோ, வாங்கோ. நாற்காலியெல்லாம் துணி உணத்திப் போட்டிருக்கேன், இந்தப் பாழாப் போன மழை. கட்டில்ல உக்காருங்கோ” என்றாள் விஜயம்.

ராகேல் கட்டிலில் உட்கார்ந்தாள். தாணுமாலையன் சுவரோடு சுவராக நின்றார்.

“அவரு சொல்லி விட்டாரு அண்ணா. சிங்ஙம் பெறந்ததும் வந்து வண்டிய எடுத்துக்கிடணுமாம்.”

“எந்த வண்டியை?”

“எங்க வீட்டுல வேற எந்த வண்டி இருக்கு? பழைய இரும்பு எடுக்குற ஆக்கிரிக்காரன் வந்து கேட்டான். இவரு கம்பை ஓங்கிட்டாரு, ஒத்தக் கையால. சாமி வண்டிக்கு உறுப்பாட்டு போவும், வேற ஒருத்தனுக்கும் கெடையாதுண்ணு. நீங்க பிரிச்சு எடுத்துக்கிடுங்க. உங்க வண்டியாவது ஓடட்டு.”

“ஞானையன் சார் வண்டியைப் பிரிக்கறதா?”

“பின்னே? மாசத்துக்கு ஒருக்கா ஷாஜி வந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவான். இவரு ஜன்னல்ல இருந்து கேப்பாரு. பாட்டுக் கேக்க மாதிரி. பழவங்காடிக்கு ஒருக்கா போணும்ணு மட்டும் சொல்லுவாரு.” அவள் காபியை ஆற்றிக் குடித்தாள். “நீங்க அதையெல்லாம் மனசுல வைக்காதீங்க அண்ணா. மதுரை வரை போயி பாடுபட்டீங்க. வழியில உடைஞ்சதுக்கு நீங்க என்ன செய்வீங்க?”

டம்ளரை வாங்கக் குனிந்த விஜயத்தின் கை நின்றது. ஒரு கணம்தான். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ராகேலை பஸ் ஏற்றிவிட்டுத் தாணுமாலையன் திரும்பி வந்தபோது விஜயம் அதே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏன்னா, இதுக்கடியில இருக்கறது என்ன?”

அவர் ஈரக் குடையை மூலையில் சாய்த்து வைத்தார்.

“ரெண்டு வருஷமா அதைச் சுத்திப் பெருக்கிண்டிருக்கேன். நம்ம வண்டிக்குன்னு எடுத்து வெச்சதுன்னு இருந்தேன். அவா அதும் மேலேயே உக்காந்து, உங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போறா.”

“சிங்ஙம் ஒண்ணாம் தேதி எடுத்துண்டு போய்க் குடுத்துடறேன். கர்க்கடகத்துல வேண்டாம்.”

“தப்புப் பண்றதுக்கு மட்டும் நாள் பார்க்கல்லையே?” என்று சொல்லிவிட்டு அவள் விளக்கேற்றப் போனாள்.

அன்று மாலை பதிகம் பாட உட்கார்ந்தவருக்கு முதல் அடிக்கு மேல் குரல் வரவில்லை. பொய்யை விட்டுவிட்டவனுக்கே உன் வாசல் திறக்கும் என்று எத்தனை ஆயிரம் முறை அந்த வாய் உருகியிருக்கும்! உருகியது தொண்டை மட்டும்தான் போலும். மனத்தில் ஒரே கணக்குத்தான் ஓடிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஞானையனின் வண்டி அவர் கையாலேயே துண்டாகும். திறந்தால் ஞானையனின் நட்பு இல்லாமல் போகும். நண்பரை இழப்பதா, நண்பருடைய வண்டியை வெட்டுவதா? அப்படி வெட்டிய பிறகு மிஞ்சுகிற நட்புக்குப் பெயர் என்ன?

மறுநாள் காலையிலேயே ஷாஜியை வரச் சொன்னார். கட்டிலடியிலிருந்து கம்பளியை இழுத்துப் பிரித்தபோது ஷாஜி குந்தி உட்கார்ந்து விளிம்பெல்லாம் விரலோட்டினான்.

“ஒரு கீறல் இல்லையே சாரே! எங்கேந்து கிட்டுச்சு?”

“மதுரையிலேந்து.”

“எப்போ?”

“அப்போ.”

ஷாஜி நிமிர்ந்து பார்த்தான். வழக்கமாக வாய் ஓயாதவன், கண்ணாடியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, “தூக்குங்க” என்று மட்டும் சொன்னான்.

பாறசாலையில் மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. இந்த முறை வண்டி சந்துக்குள் திரும்பிற்று. கருநீல 309 தகரக் கூரையின் கீழ், முகத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, கண் கட்டப்பட்டது போல நின்றது. முன்னறை ஜன்னலருகே சாய்வு நாற்காலியில் ஞானையன். தாணுமாலையனைக் கண்டதும் பாதி முகம் மலர்ந்தது, மறுபாதி வரவில்லை.

“சாமி... கர்க்கடகத்துல... வந்துட்டீரு? அவசரமா, என் வண்டிய... வெட்டுறதுக்கு?”

தாணுமாலையன் உட்காரவில்லை. “அந்தக் கண்ணாடி உடையல்லை சாரே” என்றார். “முழுசா கொண்டு வந்தேன். ஆரல்வாய்மொழியில என் வண்டியில கல்லு பட்டுது. அதனால, உங்க வீட்டு வாசலைத் தாண்டி எடுத்துண்டு போயிட்டேன். என் கட்டிலுக்கடியில வெச்சிருந்தேன். உங்ககிட்டே பொய் சொன்னேன்.”

கதவருகில் நின்ற ராகேல் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். நேற்று தான் உட்கார்ந்த இடம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

ஞானையன் தன் வலது கையைப் பார்த்தார். மடியில் கிடந்த அதை இடது கையால் எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

“அப்போ... இந்தக் கை இருந்துது” என்றார். “ஓட்டியிருப்பேன். ஆர்ஷாவ... நானே ஓட்டிக்கிட்டுப் போயிருப்பேன்.”

“ஆமாம் சாரே.”

“நான்... உம்ம கையில கிழிச்சுதாண்ணு... கேட்டேன்.”

“கேட்டேள்.”

“ராகேலு, என்னை... உள்ள கொண்டு போ.” எழுந்து நின்றவர், திரும்பாமலே சொன்னார்: “கண்ணாடிய மாட்டிட்டு... போவும்.”

கதவு சாத்திக்கொண்டது. ஓங்கி அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் அதை மெல்லத்தான் சாத்தினாள்.

ஷாஜி விளிம்பில் பசை தடவ, தாணுமாலையன் மறுமுனையைத் தாங்கினார். கண்ணாடி தன் இடத்தைப் பார்த்துப் பொருந்தி அமர்ந்தது. ரப்பர் பட்டையை அழுத்திச் செருகும்போது விரல் நகத்தருகே கிழிந்து இரத்தம் வந்தது. “சாரே, கை!” என்றான் ஷாஜி. “சாரமில்லை, பரவாயில்லை” என்றார் அவர். அந்தக் கீறல் இரண்டு வருஷம் தாமதமாக வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

கர்க்கடகத்தின் மிச்ச நாட்கள் ஒவ்வொன்றாகச் சொட்டின. பாறசாலையிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. இவரும் கூப்பிடவில்லை, மன்னிப்புக்கு நச்சரிப்பது இன்னொரு திருட்டாகப் பட்டது. காலையில் தார்ப்பாயை விலக்குவதை நிறுத்தினார். பதிகத்தை மட்டும் நிறுத்தவில்லை, பாடவும் இல்லை, ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

சிங்ஙம் ஒன்று விடிந்தபோது வானம் கழுவித் துடைத்தது போலிருந்தது. “போகல்லையா?” என்று விஜயம் கேட்டாள்.

“எந்த முகத்தோட போறது?”

“இருக்கற முகத்தோடதான். அவர் வராட்டாலும் அந்த வண்டிக்கு நீங்க வேண்டிக்கணுமோ இல்லையோ?”

பழவங்காடியில் ஆவணி முதல் நாள் கூட்டம். வண்டியை வழக்கமான இடத்தில் ஒதுக்கினார். பக்கத்தில் இன்னொரு வண்டிக்கு இடம் காலியாக இருந்தது; ஓர் ஆட்டோ அதில் நுழையப் பார்க்க, “ஆள் வரது” என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டுத் தன் வாயை நொந்துகொண்டார். சட்டையைக் கழற்றி மேல்துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு தேங்காய் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இந்தத் தடவை இரண்டும் ஒரு வண்டிக்கே. தனக்கென்று எதையும் கேட்கும் நாக்கு அவருக்கு இல்லை. அந்தக் கருநீல வண்டிக்கும் அதன் எஜமானுக்கும் நலம் வேண்டி உடைத்தார். இரண்டும் சரிபாதியாகச் சிதறின.

வெளியே வந்தபோது காலியிடத்தில் கருநீல 309 நின்றுகொண்டிருந்தது.

ஸ்டீயரிங்கின் முன் ஷாஜி, பின்னால் ராகேல், முன்னிருக்கையில், வெயில் பட்டுத் தெளிந்த கண்ணாடிக்குப் பின்னால், ஞானையன். அவர் தாணுமாலையனைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியே தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் பார்க்காத தெரு.

ஷாஜி கதவைத் திறந்து அவரை இறக்கினான். தடியை ஊன்றி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, ஞானையன் கேட்டார்:

“ரெண்டு தேங்கா... உடைச்சீரா?”

“உடைச்சேன்.”

“எதுக்கெல்லாம்?”

“ரெண்டும் உங்க வண்டிக்கு.”

“முறைய... மாத்தி, தெத்திச்சிட்டீரு. ஒண்ணு போதும்.” பாதி முகத்தில் ஏதோ அசைந்தது. “இன்னும் கோவம்... போகல்ல கேட்டீரா. வீட்டுல இருந்து... நெய்யாற்றின்கரை வரை, உம்மை ஏசிக்கிட்டேதான் வந்தேன்.”

“அவரு ஏசினதெல்லாம் நான் திருப்பிச் சொல்ல மாட்டேன் அண்ணா. கோயில் வாசலு” என்றாள் ராகேல்.

“பாலராமபுரம் வந்ததும்... வாய் வலிச்சுது. நிறுத்திட்டேன்.” அவர் தடியை ஷாஜியிடம் கொடுத்தார். “இந்தக் கை... தானா எழும்பாது. பிடியும்.”

தாணுமாலையன் அருகே சென்றார். விழுந்துபோன வலது கையை இரண்டு கைகளாலும் ஏந்தினார். அது குளிர்ந்தும் எதிர்பாராத கனத்தோடும் இருந்தது. கருநீல வண்டியின் பக்கம் அதைக் கொண்டுபோனார்.

“அதுல இல்ல” என்றார் ஞானையன். “அது உம்ம வேலை. நீரு முடிச்சாச்சு. என் வேலை... அந்தா நிக்கு.”

வெள்ளை வண்டி நின்றது, கண்ணாடியில் மயிரிழைக் கோட்டோடு.

கூட்டம் இருபுறமும் ஒதுங்கிச் சென்றது. தாணுமாலையன் அந்தக் கையை, அபிஷேகக் குடத்தைச் சுமப்பவர் போலச் சிந்தாமல் கொண்டுசென்று, தன் வண்டியின் பானெட்டில் வைத்தார். மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார். நழுவாதிருக்கத் தன் கையை அதன் மேல் வைத்து, சந்நிதியில் நிற்பது போலத் தலை குனிந்து நின்றார். வாயில் எந்தப் பதிகமும் வரவில்லை; வரவேண்டியிருக்கவும் இல்லை.

ஞானையன் கண்ணை மூடினார். சொற்கள் ஒவ்வொன்றாக, கல்லைப் புரட்டி வைப்பது போல வந்தன.

“ஆண்டவரே... இந்த வண்டி போற வழியில... கல்லு தெறிக்காம காத்துக்கிடும். இதுல ஏறுறவங்க... சொகமா போயி, சொகமா வீடு சேரட்டு. இதை ஓட்டுற மனுசன்... நல்லா இருக்கட்டு.”